அதிகாலை ஐந்தரைக்குப் பிறகு வந்த சான்றிதழ்கள்: ஒரு நேரக் குறிமுறைப் பிழையின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சென்னையில் ஆறு பேர் கொண்ட குழு நாங்கள். சி மொழியில் எழுதப்பட்ட ஒரு கிரிப்டோகிராஃபி லைப்ரரியை, அதாவது மறைகுறியாக்கத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்குமான நிரல் தொகுப்பை, பராமரிக்கிறோம். மின்மீட்டருக்குள் பொருத்தும் தகவல்தொடர்பு அட்டைகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனம்தான் அதை அதிகமாகப் பயன்படுத்துகிறது. ஆலையில் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சாவி ஜோடி (ரகசியச் சாவி ஒன்று, வெளியே காட்டும் பொதுச் சாவி ஒன்று) உருவாகும். அந்தப் பொதுச் சாவி இந்த அட்டையுடையதுதான் என்று கையொப்பத்தோடு சொல்லும் எக்ஸ்.509 சான்றிதழ் அங்கேயே வழங்கப்படும். உடனே அந்த அட்டை சோதனைச் சர்வரோடு டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை வழியாக இணைந்து பார்க்கும்; இணைப்பு கிடைத்தால் பெட்டிக்குள் போகும், கிடைக்காவிட்டால் சிவப்புத் தட்டுக்குப் போகும். சான்றிதழை எழுதுவது எங்கள் லைப்ரரி. சோதனைச் சர்வரில் ஓடுவதோ உலகெங்கும் புழங்கும் வேறொரு டிஎல்எஸ் லைப்ரரி. இந்த வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஒப்பந்தப்படி ஒரு சான்றிதழின் ஆயுள் 25 ஆண்டு. மீட்டர் சுவரில் எவ்வளவு காலம் தொங்குமோ அவ்வளவு காலம் சான்றிதழும் செல்ல வேண்டும் என்பது வாடிக்கையாளர் கேட்டது.

சான்றிதழில் இரண்டு தேதிகள் இருக்கும்: எப்போதிலிருந்து செல்லும், எப்போது வரை செல்லும். இவற்றை எழுத, சான்றிதழின் தரவு அமைப்பை விவரிக்கும் ஏஎஸ்என்.1 என்ற தரம் இரண்டு வடிவங்களைத் தருகிறது. ஒன்று யுடிசிடைம். அதில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். மற்றது ஜெனரலைஸ்டுடைம். அதில் ஆண்டுக்கு நான்கு இலக்கம். எதை எப்போது பயன்படுத்துவது என்பதில், இணையச் சான்றிதழ்களுக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 5280 எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. 2049 முடிய உள்ள தேதிகளை யுடிசிடைமில்தான் எழுத வேண்டும். 2050 தொடங்கி ஜெனரலைஸ்டுடைமில்தான் எழுத வேண்டும். யுடிசிடைமைப் படிக்கும்போது இரண்டு இலக்கம் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1900-களின் ஆண்டு, 50-க்குக் கீழே இருந்தால் 2000-களின் ஆண்டு. இந்த ஆவணம் 2008 மே மாதம் வந்தது. ஆனால் 2049 என்ற எல்லைக்கோடு அதன் முன்னோடியான 1999-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2459-லேயே போடப்பட்டுவிட்டது.

எங்கள் லைப்ரரி நேரத்தை எப்படி வைத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் நேரத்துக்கென்று தனி வகை கிடையாது. யுடிசிடைமின் 13 எழுத்துகளையும் அப்படியே ஒரு எழுத்துச் சரமாக நினைவகத்தில் வைத்திருந்தது. ஒரு தேதி இன்னொன்றுக்கு முந்தியதா பிந்தியதா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு சரங்களையும் பைட் பைட்டாக ஒப்பிடும். முழு ஆண்டைக் கேட்டால் முன்னால் '20' சேர்த்துக் கொடுக்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதியவர் இப்போது எங்களோடு இல்லை. அவரிடம் தொலைபேசியில் பேசினோம். அட்டையிலுள்ள மைக்ரோகன்ட்ரோலரின் சி லைப்ரரி நேரத்தை 1970 முதல் எண்ணிய விநாடிகளாக, 32 பிட் குறியுள்ள (நேர் எண், குறை எண் இரண்டும் ஏற்கும்) எண்ணாக வைத்திருந்தது. அந்த எண் 2038 ஜனவரி 19, யுடிசி (உலகப் பொது நேரம்) 03:14:07-ஐத் தாண்டினால் குறை எண்ணாகிவிடும். 2038-ஐத் தாண்டும் சான்றிதழ்களைக் கையாள வேண்டியிருந்ததால் அவர் எண்ணையே தவிர்த்துவிட்டு எழுத்தை நம்பினார். அவர் சொன்னது: "அப்போ எனக்கு 2038-தான் பயம். 2050-க்குள்ள யாராவது எடுத்து மாத்திடுவாங்கன்னு நெனச்சேன்." நிரலில் ஒரு குறிப்பும் விட்டிருந்தார்: '2050-க்கு முன் பார்க்கவும்'. அது நடப்புத் தேதி 2050-ஐத் தொடுவதைப் பற்றிய குறிப்பு. காலாவதித் தேதி 25 ஆண்டு முன்னே நிற்கிறது என்பது அப்போது அவருக்கும் தோன்றவில்லை, பிறகு அந்த வரியைப் பல முறை கடந்துபோன எங்களுக்கும் தோன்றவில்லை.

## முதல் நாள்: 2025 ஜனவரி 1

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆலையின் இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "சார், நைட்டு பூரா நல்லா ஓடிச்சு. விடியக்காலைலேர்ந்து ஒரு கார்டுகூட பாஸ் ஆகல. லைனை நிறுத்திட்டேன்."

சோதனை மேசையின் திரையில் 'இணைப்பு தோல்வி' என்று மட்டும்தான் வந்திருந்தது. சர்வர் பதிவேட்டில் காரணம் இருந்தது: சான்றிதழ் காலாவதியாகிவிட்டது.

சில நிமிடங்களுக்கு முன் பிறந்த சான்றிதழ் காலாவதி என்றால் யாருக்கும் முதலில் கடிகாரத்தின் மேல்தான் சந்தேகம் வரும். எங்களுக்கும் வந்தது. புத்தாண்டு வேறு. சர்வரின் கடிகாரம் எங்கோ தாவிவிட்டது என்று நினைத்து நேர ஒத்திசைவைச் சரிபார்த்தோம்; சரியாக இருந்தது. சான்றிதழ் வழங்கும் கணினியின் கடிகாரமும் சரி. ஆண்டுக் கடைசியோடு முடியும் இடைநிலைச் சான்றிதழ் ஏதாவது இருக்குமோ என்று, ஒவ்வொரு சான்றிதழுக்கும் அதற்கு மேலுள்ளது கையொப்பமிடும் சங்கிலியில் மேலே ஏறிப் பார்த்தோம். ஒன்றும் முடிந்திருக்கவில்லை. சிவப்புத் தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் புதுச் சான்றிதழ் ஏற்றினார்கள். அதுவும் தோற்றது.

நாங்கள் செய்த பெரிய தவறு மதியம் நடந்தது. அலுவலகத்தில் எங்கள் சோதனைக் கருவியை வைத்து, அதே லைப்ரரியில், அதே 25 ஆண்டு ஆயுளோடு ஒரு சான்றிதழ் உருவாக்கிப் பார்த்தோம். அதே வகை சர்வரோடு அது சிக்கலில்லாமல் இணைந்தது. இரண்டு முறை செய்தோம், இரண்டு முறையும் இணைந்தது. உடனே நான் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன்: லைப்ரரியில் பிழை இல்லை, ஆலையின் சூழலைப் பாருங்கள் என்று. அந்த மின்னஞ்சலால் ஒரு நாள் வீணாயிற்று. ஆலையில் கேபிள் மாற்றினார்கள், சுவிட்ச் மாற்றினார்கள், சர்வரை முழுவதும் புதிதாக நிறுவினார்கள்.

## இரண்டாம் நாள்: ஒரு தாளும் ஒரு சிவப்புக் கோடும்

ஜனவரி 2 மதியம் அதே மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். புத்தாண்டு இரவில் சான்றிதழ் ஏற்றிய அட்டைகளின் பட்டியல் அது. நேர வரிசையில் அச்சிட்டு, பாஸ் ஆனவற்றுக்கும் ஆகாதவற்றுக்கும் நடுவே சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே கடைசி அட்டை: 5:29:41. கோட்டுக்குக் கீழே முதல் அட்டை: 5:30:16. மேலே ஒரு தோல்விகூட இல்லை, கீழே ஒரு வெற்றிகூட இல்லை.

எங்கள் குழுவில் சேர்ந்து நான்கு மாதமே ஆன பெண் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, அஞ்சரைன்னா யுடிசி நள்ளிரவு. அங்க அப்பதான் வருஷம் பொறந்திருக்கு."

இந்திய நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. நமக்கு நள்ளிரவில் 2025 பிறந்தாலும், சான்றிதழுக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு அது காலை ஐந்தரைக்குத்தான் பிறந்தது. அதனால்தான் இரவு பன்னிரண்டு மணி முதல் ஐந்தரை வரை ஏற்றியவை எல்லாம் பிழைத்தன. அவற்றின் காலாவதி 2049 டிசம்பர் 31. ஐந்தரைக்குப் பின் வந்தவற்றின் காலாவதி 2050 ஜனவரி 1.

கோட்டுக்குக் கீழே இருந்த முதல் அட்டையின் சான்றிதழைக் கேட்டு வாங்கி, பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். காலாவதித் தேதி இருந்த இடத்தில் பதின்ம எண்ணில் இது இருந்தது:

23, 13, 53, 48, 48, 49, 48, 49, 48, 48, 48, 48, 49, 54, 90

23 என்பது யுடிசிடைமின் அடையாள எண். 13 அதன் நீளம். அதற்குப் பிறகு வருபவை எழுத்துகள்: 500101000016, கடைசியில் யுடிசியைக் குறிக்கும் 'இசட்'. ஆண்டுக்கு 50. தரத்தின்படி இதை 1950 ஜனவரி 1 என்றுதான் படிக்க வேண்டும். சோதனைச் சர்வர் அப்படியே படித்தது. 2025-இல் தொடங்கி 1950-இல் முடியும் சான்றிதழ். சர்வர் 'காலாவதி' என்று சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அதே கோப்பை எங்கள் சொந்தக் கருவியில் திறந்தபோது திரையில் 2050 என்று வந்தது. பக்கத்துக் கணினியில் எல்லோரும் பயன்படுத்தும் கட்டளையில் திறந்தபோது 1950 என்று வந்தது. இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முதல் நாள் முழுவதும் நாங்கள் சந்தேகப்பட்டது 'இப்போது மணி என்ன' என்பதைத்தான். சான்றிதழில் எழுதியிருந்த தேதியை யாரும் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் எங்கள் கருவி அதைச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் ஏன் பிழை வரவில்லை என்பதும் அப்போதே விளங்கியது. ஆலையின் நிரல் ஆண்டு எண்ணோடு 25-ஐக் கூட்டியது. எங்கள் சோதனைக் கருவியோ 25-ஐ 365-ஆல் பெருக்கி 9125 நாள்களைக் கூட்டியது. நடுவில் ஆறு லீப் நாள்கள் இருக்கின்றன. அதனால் ஜனவரி 1 அன்று எங்கள் சான்றிதழ் 2049 டிசம்பர் 26-இல் முடிந்தது. இன்னும் ஆறு நாள் கழித்து, ஜனவரி 7 அன்று, அதே சோதனையைச் செய்திருந்தால் எங்களுக்கும் பிழை வந்திருக்கும்.

## எங்கள் சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை

லைப்ரரியில் நேரம் தொடர்பான சோதனைகள் இல்லாமல் இல்லை. 2050-க்கும் இருந்தது. அந்தச் சோதனை இப்படி: 2050 ஜனவரி 1-ஐ எழுது, எழுதியதைத் திரும்பப் படி, இரண்டும் ஒன்றா என்று பார். எழுதும் பகுதி '20'-ஐ வெட்டி எறிந்தது, படிக்கும் பகுதி '20'-ஐத் திரும்ப ஒட்டியது. இரண்டும் ஒரே தப்பைச் செய்ததால் சோதனை பல ஆண்டுகளாகப் பச்சையாகவே இருந்தது.

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். சான்றிதழ் என்பது அந்நியர் படிப்பதற்காக எழுதும் ஒன்று. நாங்களே எழுதி நாங்களே படித்துத் தேறிவிட்டோம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தோம். சரியான வடிவம் கண்ணில் படாமலும் இல்லை: அட்டைகளுக்கான மூலச் சான்றிதழ் (சங்கிலியின் உச்சியில் இருப்பது) வேறொரு கருவியில் உருவாக்கியது, 2060-இல் முடிகிறது. அதன் காலாவதி முறைப்படி ஜெனரலைஸ்டுடைமில் எழுதப்பட்டு எங்கள் கோப்புறையிலேயே கிடந்தது. அதை எங்கள் லைப்ரரியில் ஒருமுறை படிக்கவைத்திருந்தால் போதும், படிக்க முடியாமல் அது அன்றே நின்றிருக்கும்.

## அன்று மாலை எடுத்த முடிவு

ஆலை நின்றுகொண்டிருந்தது. மூன்று வழிகள் மேசைக்கு வந்தன.

எல்லாத் தேதிகளையும் ஜெனரலைஸ்டுடைமிலேயே எழுதிவிடலாம் என்றார் ஒருவர். நான்கு இலக்கம் எழுதினால் குழப்பமே வராதே என்பது அவர் வாதம். மனதுக்குப் பிடித்த வாதம்தான், ஆனால் தரத்துக்கு எதிரானது. 2049 வரைக்கும் யுடிசிடைம் கட்டாயம். தொடக்கத் தேதியான 2025-ஐ நான்கு இலக்கத்தில் எழுதினால் கண்டிப்பாகப் படிக்கும் மென்பொருள் அதை நிராகரிக்கலாம். ஒரு பிழையைத் தீர்க்க இன்னொரு பிழையை ஏற்றி அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

காலாவதியே இல்லாத சான்றிதழாக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். திட்டவட்டமான முடிவுத் தேதி இல்லாத சான்றிதழுக்கு 9999 டிசம்பர் 31, 23:59:59 என்று எழுதச் சொல்லி ஆர்எஃப்சி 5280-லேயே இடம் இருக்கிறது. கருவிகளின் பிறப்புச் சான்றிதழுக்கு இது பொருந்தும். ஆனால் இங்கே முடிவுத் தேதி வேண்டும் என்று கேட்டதே வாடிக்கையாளர். அவருடைய பாதுகாப்புக் கொள்கையை நள்ளிரவுக்குள் நாங்கள் மாற்ற முடியாது.

மூன்றாவது வழியைத் தேர்ந்தோம். லைப்ரரியைத் தொடாமல், சான்றிதழ் வழங்கும் நிரலில் மட்டும் ஓர் உச்ச வரம்பு: கணக்கிட்ட காலாவதி எதுவானாலும் 2049 டிசம்பர் 31, யுடிசி 23:59:59-ஐத் தாண்டக் கூடாது. 25 ஆண்டுக்குச் சில நாள்கள் குறையும். அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். ஜனவரி 3 காலை லைன் மறுபடி ஓடியது.

சிவப்புத் தட்டில் இருந்த அட்டைகளின் சான்றிதழைத் திருத்த வழியில்லை. தேதிகள் கையொப்பத்துக்கு உட்பட்ட பகுதியில் இருக்கின்றன. ஒரு இலக்கத்தைத் தொட்டால் கையொப்பம் செல்லாது. எல்லாவற்றுக்கும் புதுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. நல்ல வேளையாக ஒன்றுகூட ஆலையை விட்டு வெளியே போயிருக்கவில்லை. போகாமல் தடுத்தது ஆலையின் சோதனை மேசை. எங்கள் லைப்ரரிக்கு அதில் பங்கில்லை.

## லைப்ரரியில் செய்த மாற்றம்

ஜனவரி இரண்டாம் வாரம் வடிவமைப்பைத் தொடங்கினோம். அடிப்படையாக ஒன்றை முதலில் எழுதி வைத்துக்கொண்டோம்: நேரம் வேறு, அதை எழுதும் வடிவம் வேறு. லைப்ரரிக்குள் நேரம் ஒரே ஒரு பொருளாக இருக்கும். வெளியே போகும் வாசலில் மட்டும் அது அந்தந்த வடிவத்தை உடுத்திக்கொள்ளும்.

உள்ளே இருக்கும் பொருளுக்குக் கூட்டங்களில் 'கணம்' என்று பெயர் வைத்துப் பேசினோம், அது நிலைத்துவிட்டது. 1970 ஜனவரி 1 தொடங்கி எண்ணிய விநாடிகள், 64 பிட் குறியுள்ள எண்ணாக. கூடவே விநாடியின் பின்னம், தனிப் புலமாக. 2050 தொடக்கம் இந்தக் கணக்கில் 2,524,608,000. 32 பிட் குறியுள்ள எண்ணின் உச்சமான 2,147,483,647-ஐ இது எப்போதோ தாண்டிவிட்டது, ஆகவே 64-க்குக் குறைவாக யோசிக்கவே இடமில்லை. வெறும் எண்ணாக இல்லாமல் உறையிட்ட வகையாக வைத்தோம். வெறும் எண் என்றால் யாராவது ஒருநாள் மில்லிவிநாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், கம்பைலரும் வாய் திறக்காது.

வடிவங்கள் ஏன் தனியே இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் லைப்ரரியே சான்று. அது சான்றிதழ் மட்டும் எழுதுவதில்லை. ஆர்எஃப்சி 3161-இன்படி நேர முத்திரைகளும் (ஒரு தரவு குறிப்பிட்ட நேரத்தில் இருந்தது என்பதற்குக் கையொப்பமிட்ட சான்று) எழுதுகிறது. அவற்றில் எந்த ஆண்டானாலும் ஜெனரலைஸ்டுடைம்தான், விநாடியின் பின்னமும் வரலாம், பின்னத்தின் கடைசியில் சுழியம் மட்டும் நிற்கக் கூடாது. சான்றிதழிலோ பின்னமே கூடாது; விநாடி சுழியமானாலும் எழுதியே தீர வேண்டும். இணையச் சேவைகளில் நுழைவு அனுமதியைக் காட்டும் ஜேடபிள்யூடி டோக்கன் என்றால் வெறும் விநாடி எண். மின்னஞ்சலை மறைகுறியாக்கப் பயன்படும் ஓபன்பிஜிபி சாவியில் குறியில்லாத நான்கு பைட் எண், 2106 பிப்ரவரி 7 வரைதான் செல்லும். இவை எதையும் உள்ளே சேமிக்கும் வடிவமாகத் தேர்ந்தால் மற்றவை உடையும். முன்பு நடந்ததும் அதுவே: யுடிசிடைமின் எழுத்துதான் நேரம் என்று எடுத்துக்கொண்டோம், எழுத்தின் எல்லை நேரத்தின் எல்லையாகிவிட்டது.

சான்றிதழ் வாசலில் ஒரே ஒரு செயற்கூறு வடிவத்தைத் தேர்கிறது. ஆண்டு 1950 முதல் 2049 வரை என்றால் யுடிசிடைம். 2050 முதல் 9999 வரை என்றால் ஜெனரலைஸ்டுடைம். வேறு எதுவானாலும் பிழை. விநாடியின் பின்னம் சுழியமாக இல்லாவிட்டால் அதுவும் பிழை. சத்தமில்லாமல் வெட்டிவிடலாமா என்பதில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. வெட்ட வேண்டியவர் அழைப்பவர், அவருக்குத் தெரிந்தே வெட்டட்டும் என்று முடித்தோம்.

நாள்காட்டிக் கணக்கைச் சி லைப்ரரியிடம் விடவில்லை. அதன் வழக்கமான செயற்கூறு கொடுத்த நேரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் ஓடினால் 19,800 விநாடி பிசகும். மேலும் அட்டையில் சி லைப்ரரியின் நேர வகை இன்னும் 32 பிட். நாங்களே எழுதி, 1950 முதல் 9999 வரை ஒவ்வொரு நாளையும், ஏறத்தாழ 29 லட்சம் நாள்கள், பைத்தானின் நாள்காட்டிக் கணக்கோடு ஒப்பிட்டோம். பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தை ஒத்துவைக்க எப்போதாவது சேர்க்கும் லீப் விநாடி கொண்ட தேதி வந்தால், அதாவது விநாடி 60 என்று இருந்தால், நிராகரிக்கிறோம். கடைசி லீப் விநாடி 2016 டிசம்பர் 31-இல் வந்தது. 1970 கணக்கில் அதற்கு இடமே கிடையாது.

எங்கள் லைப்ரரியைப் பைத்தான் மொழியிலிருந்து அழைக்க உதவும் உறையிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நேர மண்டலம் குறிக்காத தேதியை முன்பு ஏற்றுக்கொண்டோம். அதை யுடிசி என்று எடுப்பதா, உள்ளூர் நேரம் என்று எடுப்பதா என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பைத்தானில் பரவலாகப் பயன்படும் ஒரு கிரிப்டோகிராஃபி லைப்ரரி 2024 ஜனவரியில் இதே சிக்கலைக் கையாண்டிருந்தது: மண்டலம் இல்லாத பழைய பண்புகளைக் கைவிடச் சொல்லி, யுடிசி குறித்த புதியவற்றைத் தந்தது. நாங்கள் இன்னும் கறாராக இருந்தோம். மண்டலம் இல்லாத தேதி வந்தால் பிழை.

சோதனைகளில்தான் பெரிய மாற்றம். எல்லைத் தேதிகளுக்கான பைட்டுகளைத் தரத்தைப் பார்த்துக் கையால் எழுதினோம். நிரலை ஓட்டி எடுக்கவில்லை. 2050 ஜனவரி 1, 00:00:16-க்கு இப்போது இப்படி இருக்க வேண்டும்: 24 (ஜெனரலைஸ்டுடைமின் அடையாள எண்), 15 (நீளம்), பிறகு 50, 48, 53, 48 என்று நான்கு இலக்க ஆண்டு, மீதி பழையபடி. இரண்டு பைட் கூடுகிறது. தேதிகள் அடங்கிய தொகுதியின் நீளம் 30-லிருந்து 32 ஆகிறது. அதைச் சுற்றியுள்ள உறைகளின் நீளமும் மாறும். ஆலையின் நிரலில் மாதிரி அச்சாக ஒரு சான்றிதழை வைத்துத் தேதியை மட்டும் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டும் பழைய பகுதி இருந்தது இப்போதுதான் தெரிந்தது. அதை எடுத்தெறிந்தோம். நாங்கள் எழுதும் ஒவ்வொரு மாதிரிச் சான்றிதழையும் எங்களோடு தொடர்பில்லாத இரண்டு லைப்ரரிகள் படித்து, நாங்கள் நினைத்த தேதியையே சொல்ல வேண்டும் என்பதும் சோதனையில் சேர்ந்தது.

## வெளியீட்டுக்கு முன் வந்த இன்னொரு தடங்கல்

பிப்ரவரியில் பழைய சான்றிதழ்த் தொகுப்பு ஒன்றின் மேல் புது லைப்ரரியை ஓட்டியபோது, நல்ல சான்றிதழ்கள் சில கையொப்பச் சரிபார்ப்பில் தோற்றன. அவை வேறொருவர் வழங்கியவை. 2049-க்கு உட்பட்ட தேதியை ஜெனரலைஸ்டுடைமில் எழுதியிருந்தார்கள்.

விசாரித்தால் சரிபார்க்கும் பகுதி வந்த பைட்டுகளை வைத்துக்கொள்ளவே இல்லை. சான்றிதழைப் பிரித்துப் புலங்களாக்கி, சரிபார்க்கும்போது அந்தப் புலங்களிலிருந்து மறுபடி எழுதி, அதன் மேல் கையொப்பத்தைச் சோதித்தது. இப்போது மறுபடி எழுதும்போது தேதி தரப்படி யுடிசிடைமாக மாறியது, கையொப்பம் பொருந்தவில்லை. கையொப்பம் போட்டவர் எந்தப் பைட்டுகளின் மேல் போட்டாரோ அவற்றின் மேல்தான் சோதிக்க வேண்டும். வந்ததை வந்தபடி வைத்துக்கொள்ளும்படி மாற்றினோம். இந்தச் சான்றிதழ்களை ஏற்பதா என்பது தனிக் கேள்வியாக நின்றது. தேதி வடிவம் தவறு என்று தனிப் பிழை தருவது என்று முடிவானது. 'கையொப்பம் தவறு' என்று சொன்னால், ஜனவரியில் 'காலாவதி' என்ற சொல் எங்களைக் கடிகாரத்தின் பக்கம் அனுப்பியதுபோல, படிப்பவரைச் சாவியின் பக்கம் அனுப்பிவிடும்.

## விளைவு

மார்ச் கடைசியில் புது லைப்ரரி ஆலைக்குப் போனது. உச்ச வரம்பு எடுக்கப்பட்டது. சான்றிதழ்கள் மறுபடி முழு 25 ஆண்டுக்கு வழங்கப்படுகின்றன. இடைப்பட்ட மாதங்களில் குறைந்த ஆயுளோடு போன அட்டைகளின் பட்டியல் வாடிக்கையாளரிடம் இருக்கிறது. அவை சரியாகவே இயங்குகின்றன, 2049-ஓடு முடியும், அவ்வளவுதான்.

## எதை மாற்றிச் செய்வோம்

ஜனவரி 1 மதியம் நான் எழுதிய மின்னஞ்சலை இன்று எழுத மாட்டேன். 'எங்களிடம் பிழை வரவில்லை' என்பதற்கும் 'எங்களிடம் பிழை இல்லை' என்பதற்கும் உள்ள தூரத்தை நான் அன்று கவனிக்கவில்லை. ஆலையிடம் முதல் மணி நேரத்திலேயே கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: கடைசியாகப் பாஸ் ஆனது எத்தனை மணிக்கு, முதலில் தோற்றது எத்தனை மணிக்கு? அந்தப் பட்டியல் முதல் நாள் காலையிலேயே மேற்பார்வையாளர் கையில் இருந்தது. யாரும் கேட்காததால் அவராகவே அனுப்ப வேண்டி வந்தது. இப்போது எங்கள் பிழை அறிக்கைப் படிவத்தின் முதல் இரண்டு கட்டங்கள் அவைதான், யுடிசியிலும் உள்ளூர் நேரத்திலும்.

சோதனைக் கருவி இனி ஆயுளைத் தானாகக் கணக்கிடாது. ஆலையில் ஓடும் அதே செயற்கூறை அழைக்கும். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் கணினியின் கடிகாரத்தை ஓராண்டு, ஐந்தாண்டு, 25 ஆண்டு முன்னே நகர்த்தி முழுச் சோதனையும் ஓடும். இதை 2024-இல் ஒரே ஒருமுறை செய்திருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டியே வந்திருக்காது.

தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது. வீடுகளில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் அட்டைகளில் ஓடுவது பழைய லைப்ரரி. அது சர்வரின் சான்றிதழைப் படிக்கிறது, 24 என்ற அடையாள எண் வந்தால் அதற்குப் புரியாது. சர்வர் பக்கத்து மூலச் சான்றிதழ் 2039-இல் முடிகிறது. அதற்குப் பதிலாக வரும் மூலச் சான்றிதழ் 2050-ஐத் தொட்டால் பழைய அட்டைகள் எல்லாம் சர்வரை ஏற்க மறுத்துவிடும். எனவே அடுத்த மூலச் சான்றிதழின் காலாவதி 2049 டிசம்பர் 31-க்குள் இருக்க வேண்டும், அல்லது அதற்குள் எல்லா அட்டைகளுக்கும் புது ஃபர்ம்வேர் (அட்டைக்குள் ஓடும் மென்பொருள்) போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் மூலச் சான்றிதழ் நடைமுறை ஆவணத்தில் இந்த வரம்பைக் காரணத்தோடு சேர்த்திருக்கிறோம். பழைய நிரலில் இருந்த '2050-க்கு முன் பார்க்கவும்' என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 2050-க்கான பைட்டுகளைச் சரிபார்க்கும் சோதனையின் பெயரை எழுதியிருக்கிறோம்.